சங்கு ஊதலைன்னு ஒன்பது கை

"கல்லுக்கு ஒரு சட்டை தைக்கணும்"னு சிரிச்சுக்கிட்டே கடைக்குள்ள வந்தார் ஸ்டூடியோக்காரர். கையில நீலக்கலர்ல பளபளன்னு ஒரு துணி.

தையல்காரி மெஷின்ல இருந்து காலை எடுக்கல. யூனிஃபார்ம் சீசன், தலைக்கு மேல வேலை. "கல்லு எந்த ஸ்கூல்ல படிக்குது?"ன்னு கேட்டா.

"நம்ம கழகக் கல்லும்மா. பழைய சந்தை தீப்பிடிச்சு முப்பத்தஞ்சு வருஷம் ஆகுதுல்ல, சந்தை வாசல்ல நினைவுக்கல்லு வெக்கிறோம். திறந்து வெக்கிறப்போ மேல துணி இருக்கணும், கயிறு இழுத்தா டக்குன்னு விழணும்."

ஊர் வரலாற்றுக் கழகத்துக்கு அவர்தான் செயலாளர். பழைய போட்டோ சேக்குறது, பழைய கட்டடத்தை அளக்குறது, மாசம் ஒரு கூட்டத்துல பேசுறதுன்னு ஒரு பதிமூணு பேரு. நல்ல மனுஷங்கதான். யாரு வம்புக்கும் போகாதவங்கன்னுதான் தையல்காரியும் நெனச்சிருந்தா.

"அளவு சொல்லுங்க"ன்னு டேப்பைக் கழுத்துல இருந்து உருவினா.

அளவைச் சொல்றதோட நிறுத்தியிருக்கலாம் மனுஷன். பெருமை தாங்கல. போனை எடுத்து, கல் பட்டறையில எடுத்த போட்டோவைக் காமிச்சார். எழுத்தெல்லாம் நல்லா ஆழமா வெட்டியிருந்தாங்க. தையல்காரி எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரி மெதுவா படிச்சா.

இவ்விடத்திலிருந்த சந்தை தீக்கிரையானது. நகராட்சிச் சங்கு ஒலிக்காததால் மக்கள் உரிய நேரத்தில் வரவில்லை. ஒரு தொழிலாளி உயிரிழந்தார்.

மெஷின் நின்னுடுச்சு.

"யாரு சொன்னா சங்கு ஒலிக்கலன்னு?"

"கழகத்துல முடிவு பண்ணதும்மா..." அப்பதான் அவருக்கு உறைச்சது. யாரு கடையில நிக்கிறோம், யாரு பொண்ணுகிட்ட பேசுறோம்னு. மூஞ்சி சுண்டிப் போச்சு. "அடடா. உங்கப்பா இல்ல... ஆனா பாரு, பேரு எதுவும் போடல. பேரே போடல."

"ஊர்ல சங்கு ஊதுன ஆளு எத்தனை பேருங்க? பத்து பேரா? க்யூ கட்டி நின்னு ஊதுனாங்களா?"

அவர் துணியை டேபிள் மேல வெச்சுட்டு, சாயங்காலம் வர்றேன், நாளைக்கு வர்றேன்னு ஏதோ சொல்லிக்கிட்டே படி இறங்கிட்டார்.

தையல்காரி கத்தரிக்கோலை எடுத்தா. அவளுக்குக் கோவம் வந்தா கத்தரிக்கோல் சத்தமே மாறிடும்னு அவ புருஷன் சொல்லுவான். நீலத்துணியை நீளமா ஒரு வெட்டு, குறுக்கால ஒரு வெட்டு. கைக்குட்டை அளவுக்குத் துண்டு துண்டாப் போட்டு ஒரு பையில அமுக்கினா. மெக்கானிக் புருஷனுக்கு ஒர்க்‌ஷாப்ல கிரீஸ் தொடைக்க ஆகும்.

*

அவ அப்பாவை ஊர்ல எல்லாரும் சங்குக்காரர்னுதான் கூப்பிடுவாங்க. நகராட்சி ஆபீஸ் மொட்டை மாடியில அந்தச் சங்கு இருந்துச்சு. பெரிய புனல் மாதிரி வாய். காலையில, மத்தியானம், சாயங்காலம்னு ஊதும். எங்கயாவது தீப்பிடிச்சா விட்டு விட்டு ஊதும். சுவிட்ச் போடுறவர் அவர்தான். சங்குக்கு நேர் கீழ ஒரு சின்ன ரூம்ல உக்காந்து இருபது வருஷம் வேலை பாத்ததுல காது ரெண்டும் மந்தம். அவர்கிட்ட ரகசியம் பேசினா தெருவுக்கே கேட்கும்.

சந்தை எரிஞ்சது ஒரு லீவு நாள் மத்தியானம். கடைங்க பூட்டியிருந்துச்சு, ஊரே சாப்பிட்டுப் படுத்திருந்துச்சு. தையல்காரிக்கு அப்போ ஆறு வயசு. தம்பி பொறக்கப் போறான்னு அம்மாவோட வேற ஊர்ல இருந்தா. அதனால சங்கு ஊதுச்சா இல்லையான்னு அவளுக்குத் தெரியாது. அப்பாகிட்ட கேட்டதும் கிடையாது. ஊர்ல ஊதுச்சுன்னு சொல்றவங்களும் இருந்தாங்க, ஊதலைன்னு சொல்றவங்களும் இருந்தாங்க. முப்பத்தஞ்சு வருஷமா ரெண்டு பேச்சும் ஒரே டீக்கடையில ஒண்ணா உக்காந்து டீ குடிச்சுச்சு. அப்பாவும் அங்கதான் தினமும் போய் உக்காருவார். யாரும் மூஞ்சிக்கு நேரா ஒண்ணும் சொன்னதில்ல. அன்னைக்குச் சாயங்காலம் கடையை அடைச்சுட்டு அவ நேரா அப்பாகிட்ட போனா.

"அப்பா! கல்லு வெக்கிறாங்களாம்! சந்தை வாசல்ல!"

"நல்லதுதானே. உக்கார்றதுக்கா?"

"உக்கார்றதுக்கு இல்லப்பா! எழுதி வெக்கிறாங்க! நீ சங்கு ஊதலைன்னு!"

எதிர் வீட்டு ஜன்னல் தொறந்துச்சு. பக்கத்து வீட்ல டிவி சத்தம் கொறைஞ்சது. அப்பா பேப்பரை மடிச்சு மடியில வெச்சார். ரொம்ப நேரம் அதையே நீவி விட்டுக்கிட்டு இருந்தார்.

"நான் சுவிட்ச் போட்டேம்மா."

"அது ஊதுச்சாப்பா?"

கேட்டுட்டா. கேட்டதும் நாக்கைக் கடிச்சுக்கிட்டா.

"எனக்குக் கேட்டுச்சு" அப்படின்னார். அப்புறம் காதுக்குப் பின்னால சொறிஞ்சுக்கிட்டு, "எனக்கு இப்பவும்தான் கேக்குது. தூங்கறப்போ கேக்குது, சாப்பிடறப்போ கேக்குது. நிக்கவே இல்ல அது. அன்னைக்குக் கேட்டது மேல மாடியிலயா, என் மண்டைக்குள்ளயான்னு இப்ப வந்து கேட்டா நான் என்னத்தச் சொல்ல? சுவிட்ச் போட்டேன். அது தெரியும். ரெண்டு தடவை போட்டேன்."

"அதை அவங்ககிட்ட சொன்னியா?"

"யாரு கேட்டா?"

அடுத்த நாள்ல இருந்து அப்பா டீக்கடைக்குப் போகல. டீயை வீட்டுக்கே வாங்கிட்டு வரச் சொன்னார். கால் வலிக்குதாம். டீக்கடை பக்கத்துலயே, சந்தை முனையிலதான் இருக்கு. கால்ல ஒண்ணும் இல்லன்னு அவளுக்குத் தெரியும். கல்லு இன்னும் வந்து சேரல, அதுக்குள்ள மனுஷன் வீட்டுக்குள்ள மொடங்கிட்டார். வந்துட்டா? சாகுற வரைக்கும் சந்தைப் பக்கம் தலை வெச்சுப் படுக்க மாட்டார்.

*

ஞாயித்துக்கிழமை காலையில கழகத்துக்குப் போனா. சைக்கிள் கடைக்கு மேல மாடி ரூம். ஒரு இரும்பு பீரோ, கண்ணாடிப் பொட்டிக்குள்ள ஒடஞ்ச பானை, சுவர் பூரா மீசை வெச்ச ஆளுங்க போட்டோ. நடுவுல பெரிசா மாட்டியிருந்தது தலைவரோட தாத்தா. ஊர்ல முதல் மருந்துக்கடை வெச்சவராம். தலைவரும் மருந்துக்கடைதான். முன்னால மேஜை மேல ஒரு மணி இருந்துச்சு. அதை அவர் தட்டுனா மத்தவங்க வாயை மூடணும்.

"எங்கப்பாவை ஏன் சார் நீங்க கேக்கல?"ன்னு நின்னுக்கிட்டே கேட்டா.

"உக்காரும்மா மொதல்ல."

"உக்கார வரல."

தலைவர் பொறுமையா சொன்னார். குழந்தைக்கு மாத்திரை எப்படி முழுங்கணும்னு சொல்ற மாதிரி. கழகத்துல ஒரு வழக்கம் இருக்காம். ஆரம்பிச்ச காலத்துல, ஊருக்கு வந்த முதல் பஸ்ஸு சிவப்பா பச்சையான்னு ரெண்டு பெரியவங்க சட்டையைப் பிடிச்சுக்கிட்டாங்களாம். அன்னைல இருந்து, எதுல கருத்து வேற்றுமை வந்தாலும் கை தூக்கி முடிவு பண்ணிடறது. பஸ்ஸு பச்சை. வெள்ளம் வந்தப்போ தண்ணி தபால் ஆபீஸ் மூணாவது படி வரைக்கும். அதுவும் கை தூக்குனதுதான். சங்கு விஷயத்துல ஒன்பது கை ஊதலைன்னுச்சு, நாலு கை ஊதுச்சுன்னுச்சு. முடிஞ்சது.



"கை தூக்கியா? சங்கு ஊதுச்சா இல்லையான்னு கை தூக்கியா பாத்தீங்க?"

"ஜனநாயகம்மா."

"தூக்குன ஒன்பது பேர்ல அன்னைக்கு ஊர்ல இருந்தவங்க யாரு?"

ஒருத்தர் தொண்டையைச் செருமினார். ஒருத்தர் அப்போ வெளியூர்ல வேலையாம். ஒருத்தர் கல்யாணம் ஆகி இந்த ஊருக்கு வந்ததே அதுக்கப்புறம்தானாம். மூலையில ஒரு பையன், மீசை இப்பதான் அரும்புது, அவனும் தூக்கியிருக்கான்.

"நீ பொறந்திருந்தியாப்பா?"

"இல்லக்கா."

"அப்புறம் எந்தக் காதால கேக்கலன்னு கை தூக்குன? சுவிட்ச் போட்ட மனுஷன் ரெண்டு தெரு தள்ளி உசுரோட இருக்காரு. அவரை ஒரு வார்த்தை கேக்கத் தோணல, ஒடஞ்ச பானைக்குக் கண்ணாடிப் பொட்டி செய்யத் தெரியுது!"

தலைவர் மணியைத் தட்டினார். "உங்கப்பா உறுப்பினர் இல்லையேம்மா. வெளியாள் சொல்றதை எடுத்துக்க முடியாது." அப்புறம் நாற்காலியில சாஞ்சு உக்காந்து, லேசா சிரிச்சு ஒண்ணு சொன்னார். அதைச் சொல்லாம இருந்திருந்தா அவருக்கு நல்லாருந்திருக்கும். "இங்க யாரு வேணும்னாலும் சேரலாம். சேர்ந்துட்டு, அடுத்த ஞாயிறு எதிர்த் தீர்மானம் கொண்டு வா. கல்லு திறக்கறதுக்கு முன்னால டைம் இருக்கு. கை தூக்க ஆள் இருந்தா மாத்திக்கலாம்."

"கை இருந்தா போதுமா?"

"கை இருந்தா போதும்."

*

"ஆள் பிடிக்கணும்"னு வீட்டுக்கு வந்து புருஷன்கிட்ட சொன்னா. அவன் நீலத்துணித் துண்டால கையைத் தொடைச்சுக்கிட்டே கேட்டான்.

"எலெக்‌ஷனா? நிக்கிறியா? என் ஓட்டு உனக்குத்தான், பிரியாணி மட்டும்..."

"வெளாடாதீங்க. வயிறு எரியுது எனக்கு."

அவன் சிரிப்பை நிறுத்திட்டான். "ஒர்க்‌ஷாப் பசங்க எல்லாரையும் கூட்டிட்டு வரேன். வெல்டிங் கடைக்காரனும் வருவான். சந்தை ஆளுங்களை நீ பாத்துக்க."

சந்தையில மொதல்ல அவ போனது வெங்காயக்கடைக்காரிகிட்ட. அவதான் கஷ்டமான இடம். அன்னைக்கு உள்ள தூங்கிட்டிருந்து எரிஞ்சு செத்தவர், கல்லுல 'ஒரு தொழிலாளி'ன்னு போட்டிருக்கே, அந்தச் சுமைக்காரர், அவளோட அப்பா. ரெண்டு பேரும் ஒண்ணாப் படிச்சவங்க. இத்தனை வருஷத்துல ஒருத்தரை ஒருத்தர் அதைப் பத்திக் கேட்டுக்கிட்டதே இல்ல.

தையல்காரி எல்லாத்தையும் சொன்னா. வெங்காயக்கடைக்காரி தராசுத் தட்டைத் தொடைச்சுக்கிட்டே கேட்டுக்கிட்டா.

"ஒரு தொழிலாளின்னா போட்டிருக்காங்க?"

"ஆமாடி."

"பேரு இல்லையா? எங்கப்பனுக்குப் பேரே வெக்கலையா எங்க பாட்டன்? இந்தச் சந்தையில அவர் தூக்காத மூட்டை ஏது? கல்லு வெக்கிறதே அவர் செத்த எடத்துல. அதுல ஒரு தொழிலாளியாம், ஒரு தொழிலாளி!" தட்டை டமார்னு போட்டா.

"நீ வருவியா? கை தூக்க?"

அவ தட்டைத் திரும்ப எடுத்து மாட்டினா.

"எங்கம்மா இருந்த வரைக்கும், ஒரு நாள் சங்கு கேட்டுத்தான் ஓடினேன்னு சொல்லும். இன்னொரு நாள், பாவிங்க சங்கு கூட ஊதலியேன்னு அழும். ரெண்டையும் கேட்டு வளந்தவ நான். வர்றேன். ஆனா ஊதுச்சுன்னு கை தூக்கச் சொன்னா தூக்க மாட்டேன்டி. ஊதலைன்னாலும் தூக்க மாட்டேன். எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியுமா?"

தையல்காரிக்குச் சுருக்குன்னுச்சு. கோவம் கூட வந்துச்சு அவ மேல. எழுந்து விறுவிறுன்னு வந்துட்டா. ஆனா வர்ற வழியெல்லாம் அந்தக் கேள்வி கூடவே வந்துச்சு. நாப்பது கையைக் கூட்டி ஊதுச்சுன்னு ஜெயிச்சா, அந்த ஒன்பது பேருக்கும் தனக்கும் என்ன வித்தியாசம்? அப்பாவே மாடியிலயா மண்டைக்குள்ளயான்னு தெரியலங்கறார். அவருக்கே தெரியாததை வெல்டிங் கடைக்காரன் வந்து கை தூக்கிச் சொல்றதா?

சரி, பாத்துக்கலாம்னு நெனச்சா. ஆளை மட்டும் சேக்கறதை நிறுத்தல.

*

அடுத்த ஞாயிறு மாடிப்படி தாங்கல. மெக்கானிக்குங்க, மீன் வெட்டறவங்க, இஸ்திரி போடறவர், வெங்காயக்கடைக்காரி, டீக்கடை ஓனரே கடையை அடைச்சுட்டு வந்துட்டார். நாற்காலி பத்தாம ஜன்னல் மேலயும் பீரோ ஓரமும் நின்னாங்க. எல்லாரும் கீழயே சந்தா கட்டி உறுப்பினர் ஆயாச்சு. ஸ்டூடியோக்காரர் கையெழுத்து வாங்கி வாங்கி வேர்த்துப் போயிட்டார். அப்பா மட்டும் வரல. கால் வலி.

தலைவர் மணியைத் தட்டினார். நாலு தடவை தட்ட வேண்டியிருந்துச்சு.

"சங்கு சம்பந்தமான தீர்மானம்..."

"அதுக்கு முன்னால வேற ஒண்ணு இருக்கு சார்"னு தையல்காரி எழுந்தா. "ஊர்ல முதல் மருந்துக்கடை வெச்சது உங்க தாத்தா இல்ல. என் வீட்டுக்காரரோட பெரியம்மா. கை தூக்குங்க."

அவ புருஷன் ரெண்டு கையையும் தூக்கினான். அப்புறம் ஒண்ணை எறக்கினான். ரூம் முழுக்கக் கை. பீரோ ஓரத்துல ஒரு மெக்கானிக் பையன் ஸ்பேனரோட தூக்கினான்.

"என்ன வெளாட்டு இது!" தலைவர் எழுந்துட்டார். கழுத்து நரம்பு தெரிஞ்சது. "எங்க தாத்தா கடைக்குப் பத்திரம் இருக்கு! லைசென்ஸ் இருக்கு!"

"பத்திரம் உறுப்பினரா சார்?"

சிரிப்பு வெடிச்சுது. தையல்காரி சிரிக்கல.

"உங்க பெரியம்மாவை எனக்குத் தெரியும்யா"ன்னு தலைவர் அவ புருஷனைப் பாத்துக் கத்தினார். "அவங்க தலைவலிக்கே எங்க கடையிலதான் கடனுக்கு மாத்திரை வாங்குவாங்க!"

"அதெல்லாம் அப்போங்க. இப்ப அவங்க ஓனர்"னான் அவன்.

"பொய்! பச்சைப் பொய்! செத்துப்போன மனுஷனை..." தலைவருக்கு மூச்சு வாங்குச்சு. "அவரு ராப்பகலா நின்னு ஒழைச்ச கடை. நாளைக்கு எங்க வீட்டுப் பிள்ளைங்க இதைக் கேட்டா என்ன நெனைக்கும்?"

"எரியுதா சார்?"

தையல்காரி மேஜை மேல ரெண்டு கையையும் ஊனினா.

"எரியுதுல்ல? உங்க தாத்தா செத்துட்டாரு. அவருக்கு இது கேக்காது. எங்கப்பா உசுரோட இருக்காரு. ரெண்டு வாரமா வாசப்படி தாண்டல. கால் வலின்னு பொய் சொல்லிக்கிட்டு உள்ள உக்காந்திருக்காரு. அவர் காதுல அந்தச் சங்கு நிக்காம ஊதுது, நீங்க ஒன்பது பேரு ஏசி போட்ட மாதிரி சுகமா உக்காந்து ஊதலைன்னு கை தூக்கறீங்க. கை நோகல உங்களுக்கு?"

தலைவர் உக்காந்தார். குரலை எறக்கி, "சரி. உன் தீர்மானத்தைக் கொண்டு வா. சங்கு ஊதுச்சு, அதானே? ஆள்தான் இருக்கே. தூக்கச் சொல்லு. ஆனா தாத்தா விஷயத்தை அழிச்சிடணும்."

இதுக்குத்தான் வந்தது. ஒரு வார்த்தை சொன்னா போதும், அப்பா ஜெயிச்சுடுவார். டீக்கடை ஓனர் கையை அரைவாசி தூக்கியே வெச்சிருந்தார். தையல்காரி வெங்காயக்கடைக்காரியைப் பாத்தா. அவ கையைக் கட்டிக்கிட்டு நின்னா.

"கொண்டு வரல"ன்னா தையல்காரி.

"என்னது?" அவ புருஷனே கேட்டுட்டான்.

"கையை எறக்குங்க எல்லாரும். யாருக்கும் தெரியாது இது. எனக்குத் தெரியாது, இவங்களுக்கும் தெரியாது. அந்த வரியைக் கல்லுல இருந்து எடுக்கணும். அவ்வளவுதான். செத்தவர் பேரைப் போடணும். பேரு வேணும்னா இதோ நிக்கிறா அவர் பொண்ணு, கேட்டுக்கங்க."

ஸ்டூடியோக்காரர் மெதுவா, "எடுக்கணும்னாலும் அதுக்குக் கை தூக்கணுமேம்மா, வழக்கம்..."

"தூக்க மாட்டோம்! யாரும் தூக்க மாட்டோம்! தப்பு பண்ணது நீங்க, நீங்களே எடுங்க. இல்லேன்னா ஒவ்வொரு ஞாயிறும் வருவோம். அடுத்த வாரம் உங்க ஸ்டூடியோ யாரோடதுன்னு கை தூக்குவோம். அதுக்கடுத்த வாரம் சார் கல்யாணம் நடந்துச்சா இல்லையான்னு பாப்போம்."

"வெட்டின கல்லும்மா"ன்னார் தலைவர். "சுரண்டினா அசிங்கமா இருக்கும். அது என்னன்னு ஆளாளுக்குக் கேப்பாங்க."

"கேக்கட்டும்."

தலைவர் தாத்தா போட்டோவை ஒரு தடவை திரும்பிப் பாத்தார். மணியைத் தட்டாமலே எழுந்து போயிட்டார்.

*

கல்லு திறந்த அன்னைக்குத் துணி இல்ல. கேட்டு வந்த ஸ்டூடியோக்காரருக்குத் தையல்காரி கிரீஸ் படிஞ்ச ஒரு துண்டைக் காட்டினா, அவர் வேற ஒண்ணும் கேக்கல. கல்லு மொட்டையா நின்னுச்சு. நடுவுல ரெண்டாவது வரி இருந்த எடத்தை உளியால கொத்தி எடுத்திருந்தாங்க. சொரசொரன்னு ஒரு பட்டை, விரல் அளவு பள்ளம். அடியில புதுசா, வெள்ளையா வெட்டின எழுத்துல சுமைக்காரர் பேரு. வெங்காயக்கடைக்காரி அதுக்கு நேரா கடையை நகர்த்திப் போட்டுட்டா.

ஒரு ஆள் வாளியில கலவையோட வந்தான். தலைவர் அனுப்பினாராம், அந்தப் பள்ளத்தைப் பூசி மொழுகி, கல்லு கலர்ல பெயின்ட் அடிக்க.

"கரண்டியைக் கீழ வெய்யி"ன்னா தையல்காரி.

"சார் சொன்னாருங்க. பாக்க நல்லாருக்காதாம்."

"நல்லா இருக்க வேணாம். ஒரு பொட்டு கலவை பட்டுச்சுன்னா நான் கத்தரிக்கோலோட வருவேன்னு உங்க சார்கிட்ட போய்ச் சொல்லு. பண்ணது தெரியட்டும்."

அவன் வாளியைத் தூக்கிட்டுப் போனான். பாவம், அவன் என்ன பண்ணுவான். இருந்தாலும் அவளுக்குக் கோவம் அடங்கல. தலைவர் வந்து ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, அப்பாகிட்ட கேட்டிருக்கலாம். வரல. இது வரைக்கும் வரல.

சாயங்காலம் அப்பாவைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தா. கால் நல்லாத்தான் நடந்துச்சு. அவர் கல்லு முன்னால நின்னு, கொத்தின பட்டையில விரலை வெச்சு இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் தடவிப் பாத்தார்.

"இங்க என்னம்மா எழுதியிருந்துச்சு?"

"கைங்கப்பா!"ன்னு அவ கத்தினா. சந்தையே திரும்பிப் பாத்துச்சு. "ஒன்பது கை!"

அவருக்கு அது சரியாக் காதுல விழல. தலையாட்டிட்டு, டீக்கடைக்குள்ள போய், எப்பவும் உக்கார்ற எடத்துல உக்காந்தார்.